பாலிமர் பிஸ்டல் வாங்கலாமா? ஹூஸ்டன் நண்பருக்கு ஒரு நீளமான பதில்

கேள்வி இதுதான். நண்பர் ஹூஸ்டனில் இருக்கிறார், போன வருடம் கிரீன் கார்டு வந்துவிட்டது, வீட்டுப் பாதுகாப்புக்கு முதல்முறையாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கிறார். கடையில் எடுத்துக் காட்டுவதெல்லாம் பாலிமர் (ஒருவகைப் பிளாஸ்டிக்) ஃபிரேம் பிஸ்டல். கையில் வாங்கிப் பார்த்தால் பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கிறதாம். அலுவலகத்தில் ஒரு டெக்சாஸ் பெரியவர் "வாங்கினால் இரும்பு வாங்கு, பிளாஸ்டிக் என்றைக்கும் பிளாஸ்டிக்தான்" என்று சொல்லிவிட்டார். மனைவிக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். எதை வாங்குவது, இல்லை வாங்கத்தான் வேண்டுமா?

நான் டெக்சாஸில் பதினாறு வருடமாகச் சுட்டுப் பழகுகிறவன். என்னிடம் இப்போது ஒரு கிளாக் 19 இருக்கிறது, ஒரு சிஇசட் 75 இருக்கிறது. முதலாவது பாலிமர், இரண்டாவது முழு எஃகு. அதனால் ஒரு பக்கமே சாய்ந்து பேச மாட்டேன் என்று நினைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளாஸ்டிக் உடைந்துவிடுமோ என்ற பயத்தை விட்டுவிடுங்கள், அது நாற்பது வருடத்துக்கு முன்பே தீர்ந்துபோன விஷயம். அந்தப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டு சமாச்சாரங்கள் உண்டு, ஒன்று எடை குறைவு, இன்னொன்று டிரிகர், அதாவது விசை. நல்லதும் கெட்டதும் அந்த இரண்டிலேயே இருக்கிறது.

பாலிமர் பிஸ்டல் என்றால் முழுவதும் பிளாஸ்டிக் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் பிடிக்கிற கீழ்ப்பகுதி, அதாவது ஃபிரேம், முக்கியமாக அதுதான் பாலிமர். மேலே முன்னும் பின்னும் ஓடுகிற ஸ்லைடு, குழல், ஸ்பிரிங், உள்ளே விசைக்கான முக்கியப் பாகங்கள் எல்லாம் எஃகுதான். ஸ்லைடுகூட பாலிமருக்குள் பதித்த எஃகுத் துண்டுகளின் மேல்தான் ஓடுகிறது. தோட்டா வெடிக்கும்போது வருகிற அழுத்தத்தைத் தாங்குவது குழலும் ஸ்லைடும், அந்த வேலை ஃபிரேமுக்கு வருவதே இல்லை.

இதை முதலில் செய்தது கிளாக் இல்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோச் கம்பெனி 1970இலேயே விபி70 என்று ஒன்றைக் கொண்டுவந்தது, 18 தோட்டா கொள்ளும், ஆனால் டிரிகர் இழுக்க விரல் வலிக்கும், அதனால் எடுபடவில்லை. அப்புறம்தான் ஆஸ்திரியாவில் காஸ்டன் கிளாக் வருகிறார். திரைச்சீலை மாட்டுகிற கம்பி, ராணுவத்துக்குக் கத்தி என்று செய்துகொண்டிருந்த மனிதர், அதுவரை துப்பாக்கி செய்ததே கிடையாது. ஆஸ்திரிய ராணுவம் புது பிஸ்டல் தேடுகிறது என்று கேள்விப்பட்டு இறங்கினார், 1982இல் அவருடைய பிஸ்டலையே ராணுவம் எடுத்துக்கொண்டது. கிளாக் 17 என்ற பெயரில் இருக்கும் 17, மேகசினில் கொள்கிற தோட்டா எண்ணிக்கை என்று எல்லோரும் நினைப்பார்கள். அது அவருடைய 17ஆவது காப்புரிமை என்பதால் வந்த எண், மேகசினிலும் 17 கொள்வது பொருந்திப்போனது, அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்கு அது வந்தபோது பெரிய கலவரம். விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாத பிளாஸ்டிக் துப்பாக்கி வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. எடையில் 80 சதவீதத்துக்கு மேல் எஃகாக இருக்கிற ஒரு பொருள் எக்ஸ்ரேயில் எப்படித் தெரியாமல் போகும்? ஆனாலும் அந்தப் பரபரப்பில் 1988இல் ஒரு சட்டமே வந்தது, எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் குறைந்தது 105 கிராம் எஃகு அளவுக்காவது கண்டறியும் கருவியில் தெரிந்தாக வேண்டும் என்று. கிளாக் அந்த அளவைப் பல மடங்கு தாண்டும்.

பிளாஸ்டிக் என்றால் சந்தேகப்படுவதற்கு நம் ஊர்க்காரர்களுக்குத் தனிக் காரணமே உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1999 கார்கில் போரில் இந்திய ராணுவத்தின் இன்சாஸ் ரைபிளின் பிளாஸ்டிக் மேகசின்கள் குளிரில் விரிசல் விட்டன என்று புகார் எழுந்தது. திருச்சி தொழிற்சாலையிலும் தயாரான துப்பாக்கி அது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் பிளாஸ்டிக் பிடியைப் பார்த்து முகம் சுளித்தால் தப்பில்லை. ஆனால் பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் இல்லையே, குடமும் பிளாஸ்டிக், ஹெல்மெட்டும் பிளாஸ்டிக். பிஸ்டல் ஃபிரேமுக்குப் பயன்படுவது நைலான் வகை, பல கம்பெனிகள் அதில் கண்ணாடி இழையும் கலக்கின்றன. சாதாரண நைலான் 6 உருகுவதற்கே 220 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஹூஸ்டன் ஆகஸ்டில் பூட்டிய காருக்குள் 60, 70 டிகிரி போகும், அது ஃபிரேமை ஒன்றும் செய்யாது. காரில் வைத்துவிட்டுப் போனால் கவலைப்பட வேண்டியது வெயிலைப் பற்றி இல்லை, கண்ணாடியை உடைத்துத் தூக்கிக்கொண்டு போகிறவனைப் பற்றி.

இரும்பும் உடையும் என்பதை அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் பிடித்த 1911 என்ற பழைய எஃகு பிஸ்டலை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு அமெரிக்க ராணுவம் 1985இல் எடுத்துக்கொண்ட பெரெட்டா எம்9, அலுமினிய ஃபிரேம், எஃகு ஸ்லைடு. 1980களின் கடைசியில் சிலவற்றின் ஸ்லைடு சுடும்போதே உடைந்து பின்னால் வந்து வீரர்களின் முகத்தில் அடித்தது, அப்புறம் அதற்கென்று ஒரு மாற்றம் செய்தார்கள். அதே ராணுவம் 2017இல் எம்9க்குப் பதிலாகத் தேர்ந்தெடுத்தது சிக் சாவர் பி320இன் ராணுவ வடிவம், பாலிமர் பிடி. ஆக, உறுதி என்கிற கணக்கில் பாலிமருக்கு எதிராகச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு குறை: எஃகுத் தடத்துண்டு ஏதாவது முறிந்தாலோ ஃபிரேமில் விரிசல் வந்தாலோ பக்கத்துத் தெருவில் இருக்கிற துப்பாக்கி மெக்கானிக் வெல்டு வைத்துச் சரிசெய்ய முடியாது, கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும். சட்டப்படி பெரும்பாலான மாடல்களில் அந்த ஃபிரேம்தான் 'துப்பாக்கி', வரிசை எண் அதில் பதித்த சின்ன உலோகத் தகட்டில்தான் இருக்கும். நான் இதுவரை யாருக்கும் ஃபிரேம் உடைந்து பார்த்ததில்லை.

எடைக்கு வருவோம். என் கிளாக் 19 காலி மேகசினோடு 680 கிராம், 15 தோட்டா போட்டால் 860 வாக்கில் வரும். சிஇசட் 75 காலியாகவே ஒரு கிலோ. 1911 இன்னும் நூறு கிராம் கூட. காகிதத்தில் பார்த்தால் இது ஒரு வித்தியாசமா என்று தோன்றும், இடுப்பில் காலை எட்டு மணிக்குக் கட்டிக்கொண்டு இரவு எட்டு மணிக்குக் கழற்றுகிறவனைக் கேளுங்கள், பெல்ட் இழுக்கிறது, பேன்ட் இறங்குகிறது, முதுகு பிடிக்கிறது. பாலிமர் வந்த பிறகு பிஸ்டல்கள் சின்னதாகிக்கொண்டே போயின. சிக் பி365 என்று 2018இல் வந்தது, அரைக் கிலோதான், அதில் பத்துத் தோட்டா. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தகுதி உள்ள 21 வயதானவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று ஆன பிறகு இந்தச் சின்னச் சின்ன மாடல்கள் இன்னும் பரவிவிட்டன.

எடை குறைந்தால் உதை, அதாவது சுடும்போது கையைப் பின்னால் தள்ளுகிற விசை, கூடும், இதில் மந்திரம் கிடையாது. அதே பள்ளத்தில் டிவிஎஸ் 50இல் இறங்கி ஏறுவதற்கும் அம்பாசிடரில் இறங்கி ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பாலிமர் லேசாக வளைந்துகொடுத்து அந்த உதையைக் கொஞ்சம் உள்வாங்குகிறது என்பது உண்மை, ஆனால் கிளாக் 19 அளவில் அது உதவும், ரூகர் எல்சிபி மாதிரி 270 கிராம் பொடிசுகளில் எந்த வளைவும் காப்பாற்றாது. தோட்டா சின்னதுதான், .380, இருந்தாலும் இரண்டு மேகசின் சுட்டால் கட்டைவிரல் அடிப்பகுதி எரியும், மூன்றாவது மேகசினுக்குள் நீங்கள் விசையை இழுக்குமுன்பே கண்ணை மூட ஆரம்பித்திருப்பீர்கள். "சின்னது, பெண்களுக்கு ஏற்றது" என்று கடையில் சொல்லி மனைவி கையில் இதைத்தான் கொடுப்பார்கள். நம்பாதீர்கள். முதல் பிஸ்டலுக்கு இதைவிட மோசமான தேர்வு இல்லை.

இன்னொரு விஷயம், புதிதாகச் சுடுகிறவர்கள் மணிக்கட்டைத் தளர்வாக வைத்திருப்பார்கள். கனமான எஃகு பிஸ்டல் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் ஃபிரேமே கனமாக நின்று ஸ்லைடு முழுதாகப் பின்னால் போய்வர இடம் கொடுக்கும். இலேசான பாலிமர் ஃபிரேம் கையோடு சேர்ந்து பின்னால் போய்விடும், ஸ்லைடு பாதி வழியில் நின்று, வெடித்த கூடு வெளியே போகாமல் சிக்கிக்கொள்ளும். உடனே 'துப்பாக்கி சரியில்லை' என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிடுவார்கள். பிடி சரியானால் சிக்கலும் போய்விடும், ஒரு பயிற்சி வகுப்பிலேயே சரிசெய்யலாம். மேகசின் காலியாக ஆக ஃபிரேம் பக்கம் எடை குறைந்து மேல்பாரமாக மாறுவதும் பாலிமரில் கையில் தெரியும், எஃகில் அவ்வளவாகத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், போட்டிகளில் சுடுகிறவர்கள் எடையைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சிஇசட் ஷேடோ 2 என்று ஒன்று, 1.3 கிலோ, சுட்டால் ஏதோ தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும், குறி அசையாது. வால்தர் கம்பெனி பாலிமரில் பிறந்த தன் பிஸ்டலையே எஃகு ஃபிரேமில் செய்து 2019இலிருந்து விற்கிறது. நாற்பது வருடம் இலேசாக்க உழைத்துவிட்டு இப்போது கனமாக்கக் காசு வாங்குகிறார்கள். நீங்கள் எடுத்துச் செல்லப்போவதில்லை, வீட்டில் பெட்டகத்தில்தான் இருக்கப்போகிறது என்றால் இந்தக் கனம் உங்களுக்குச் சாதகம்தான், அந்தப் பெரியவர் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

துரு விஷயத்தில் பாலிமர் ஜெயிக்கிறது, பேச்சே இல்லை. ஹூஸ்டன் காற்று சென்னைக் காற்றுக்குத் தம்பி. சிஇசட்டை வாங்கிய புதிதில் ஒரு கோடை முழுக்க இடுப்பில் வைத்துச் சுற்றினேன், ஒருநாள் பிடியின் பக்கப் பலகையைக் கழற்றினால் ஓரமாகக் குங்குமப்பொடி தூவினாற்போல துரு. வியர்வையின் வேலை. பாலிமர் ஃபிரேமில் வியர்வை பட்டால் துணியால் துடைத்துவிட்டுப் போகலாம். ஆனால் ஸ்லைடு எஃகுதான் என்பதை மறந்து எண்ணெயே காட்டாமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

விலையில் நல்ல பாலிமர் பிஸ்டல் 500, 600 டாலருக்குள் கிடைக்கும், போலீஸ் துறைகள் மாற்றிக் கொடுத்த பழையவை இன்னும் மலிவு. அச்சில் ஊற்றி எடுக்கிற ஃபிரேமுக்கும் எஃகுக் கட்டியைக் கடைந்து எடுக்கிற ஃபிரேமுக்கும் செலவில் அவ்வளவு வித்தியாசம். மிச்சமாகிற பணம் தோட்டாவுக்கும் வகுப்புக்கும் போனால் பாலிமர் வாங்கியதற்கு அர்த்தம் உண்டு. பிடியின் பின்பகுதியை மாற்றிக் கைக்குத் தக்கபடி வைத்துக்கொள்கிற வசதியும் 1996இல் வந்த வால்தர் பி99க்குப் பிறகு பாலிமரில் சாதாரணமாகிவிட்டது, நம் ஆட்களில் பலருக்குக் கை சின்னது, இது உண்மையிலேயே உதவும். பேரனுக்குக் கொடுக்கிற பொருள் என்று பார்த்தால் மட்டும் எஃகு. முப்பது வருடம் கழித்து யாரும் பழைய கிளாக்கைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து ரசிக்கப்போவதில்லை.

இனி டிரிகர். நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

பாலிமர் பிஸ்டல்களில் பெரும்பாலானவை ஸ்ட்ரைக்கர் வகை. வெளியே தெரிகிற ஹேமர், அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டுகிற சுத்தியல், இருக்காது; அந்த வேலையை உள்ளே ஒரு ஊசி செய்யும். பல மாடல்களில் விரலால் தள்ளுகிற சேஃப்டியும் இருக்காது. கிளாக்கில் மூன்று சேஃப்டி உண்டு என்பார்கள், மூன்றும் தானாக வேலை செய்பவை, அதில் ஒன்று விசையின் நடுவில் இருக்கும் சின்ன நாக்கு. கீழே விழுந்தால் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் அவை. விசையை ஏதாவது ஒன்று இழுத்தால் மூன்றும் வரிசையாக விலகி வழிவிடும், அதற்காகவே செய்தது. இழுப்பதற்குத் தேவை இரண்டரைக் கிலோ அழுத்தம். விரல்தான் இழுக்க வேண்டும் என்று இல்லை, ஜாக்கெட்டின் கயிற்று முடிச்சு இழுத்தாலும் போதும், மடங்கிப்போன பழைய தோல் உறையின் ஓரம் இழுத்தாலும் போதும். உறைக்குள் திரும்பச் சொருகும்போது தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு, அதற்கு 'கிளாக் லெக்' என்று கேலிப் பெயரே இருக்கிறது.

ஹேமரை இறக்கி வைக்கிற வகை எஃகு பிஸ்டலில் உறைக்குள் வைக்கும்போது கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்துக்கொள்ளலாம், விசையில் ஏதாவது மாட்டினால் ஹேமர் பின்னால் வருவது விரலுக்குத் தெரிந்துவிடும். முதல் தோட்டாவுக்கு விசை நீளமாக, கனமாக இருக்கும், தெரியாமல் இழுபடுவது கஷ்டம். அதற்காக எஃகு எல்லாம் பத்திரம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். என் சிஇசட் 75 பி மாடலில் அந்த நீள இழுப்பு வேண்டுமென்றால் உள்ளே தோட்டா இருக்கும்போதே ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்க வேண்டும், வழுக்கினால் வெடிக்கும். அதனாலேயே நான் அதைச் சேஃப்டி போட்டுத்தான் வைக்கிறேன், புதியவர்களுக்கு ஹேமரைப் பத்திரமாக இறக்குகிற டீகாக்கர் என்ற தள்ளுகோல் உள்ள 'பி.டி.' (BD) மாடல்தான் சொல்வேன்.

அடுத்தது கழற்றுவது. கிளாக்கையும் அதைப் பின்பற்றிய சில மாடல்களையும் சுத்தம் செய்யக் கழற்றும்போது ஸ்லைடை எடுப்பதற்கு முன் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். காலியாக இருந்தால் 'டிக்'. காலியாக இல்லையென்றால்? என் நண்பர் ஒருவர், பொறுமைசாலி, கணக்கு வழக்கில் ஒரு பைசா பிசகாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலில் ஸ்லைடை இழுத்தார், உள்ளே இருந்த தோட்டா வெளியே வந்தது, அப்புறம் மேகசினைக் கழற்றினார், பிறகு விசையை இழுத்தார். வரிசை மாறிப்போயிற்று. ஸ்லைடு மூடும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறியிருந்தது. மேசையைத் துளைத்துத் தரையில் போய் நின்றது குண்டு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பக்கத்து அறையில் பெண் பியானோ வாசித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் மேகசின் முதலில், ஸ்லைடு பிறகு, அதன்பின் குழல் உள்ளே கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவி, திரும்ப ஒருமுறை. ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி, சிக் பி320 போன்றவற்றில் விசையைத் தொடாமலே கழற்ற வழி இருக்கிறது. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று இது, நம்மில் யாரும் கேட்பதில்லை.

பி320 பேச்சு வந்ததால் ஒன்று: ராணுவம் தேர்ந்தெடுத்த அதே 2017இல், சில கோணங்களில் கீழே விழுந்தால் அது வெடிக்கிறது என்று தெரியவந்து கம்பெனி இலவசமாக உள்பாகங்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்குப் பிறகும் விசையைத் தொடாமலே வெடித்தது என்று வழக்குகள் தொடர்ந்தன, கம்பெனி மறுத்து வருகிறது. இரண்டாம் கையாக எதை வாங்கினாலும் வரிசை எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்து, அந்த மாற்றங்கள் செய்யப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை குறைவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு, மறதி. அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 2023ஆம் ஆண்டில் மட்டும் பயணிகளின் கைப்பைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது "பையில் இருந்ததே ஞாபகம் இல்லை". ஒன்றேகால் கிலோ இரும்பு பையில் இருந்தால் தோள் சொல்லிவிடும், அரைக் கிலோ லேப்டாப் சார்ஜரோடு சார்ஜராகக் கிடக்கும். கிரீன் கார்டு வைத்திருக்கிற உங்களுக்கு அது வழக்காக மாறினால் அபராதத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பைக்குள் துப்பாக்கி போகவே கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

விசா பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் தடுக்கி விழுகிறார்கள். எச்-1பி, எச்-4, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற குறுகலான விலக்குகள் உண்டு, அதற்கு வக்கீலைப் பாருங்கள், நான் வக்கீல் இல்லை. கிரீன் கார்டுக்கு அந்தத் தடை இல்லை, கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கலாம். ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒருவர் என்னிடம் சீரியஸாகவே கேட்டார். வேண்டாம் சாமி. அங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் கையில் இருந்தாலே கைது, அதிலும் 9 எம்.எம். சாதாரணக் குடிமகனுக்குத் தடை செய்யப்பட்ட ரகம்.

பெட்டகம் பற்றி. நம் வீடுகளுக்கென்று ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது, ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ ஆறு மாதம் வந்து தங்குவார்கள், வந்த இரண்டாம் வாரம் எல்லா அலமாரியையும் ஒழித்துத் துடைத்து அடுக்கிவிடுவார்கள். சட்டை மடிப்புக்குள், மேல்தட்டில் புடவைகளுக்குப் பின்னால் என்று நீங்கள் ஒளித்து வைத்த எதுவும் அவர்கள் கையில் அகப்படும். அவர்களுக்குப் பின்னாலேயே பிள்ளைகள் நிற்கும். பாலிமர் பிஸ்டல் பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரிதானே இருக்கிறது, நீங்களே சொன்னீர்கள். இரண்டரைக் கிலோ இழுப்பு என்பது ஐந்து வயதுக் குழந்தை இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினால் முடிகிற காரியம். ஆகவே தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்கிய, விரலால் எண் அழுத்தித் திறக்கிற சின்னப் பெட்டகம், துப்பாக்கி உங்கள் உடம்பில் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் அதற்குள். டெக்சாஸ் சட்டத்திலும் 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை அலட்சியமாக விட்டு, அது பிள்ளை கையில் போனால் குற்றம்.

வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்கிறேன். 2020இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம் மற்ற ஆண்களைவிட எட்டு மடங்கு, பெண்களில் 35 மடங்கு. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தங்களையே சுட்டுக்கொண்டவர்கள். திருடன் வருவான் என்று வாங்கி வைக்கிற பொருள், வீட்டில் ஒருவருக்கு மனது மிக மோசமாக இருக்கிற ஒரு ராத்திரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதுதான் இந்த எண்களின் அர்த்தம். வீட்டில் யாராவது அப்படி ஒரு காலத்தில் இருக்கிறார்கள் என்றால், பாலிமரா எஃகா என்ற பேச்சையே இப்போது எடுக்காதீர்கள். எனக்கு வேலை போன வருடம் நானே இரண்டு துப்பாக்கியையும் நண்பர் வீட்டுப் பெட்டகத்தில் ஏழு மாதம் வைத்திருந்தேன். வெட்கப்பட ஒன்றுமில்லை அதில்.

அதெல்லாம் இல்லை, வாங்குவதாகவே முடிவு என்றால், கடைக்குப் போகாமல் முதலில் வாடகைக்குத் துப்பாக்கி கொடுக்கிற சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. கிளாக் 19 அளவில் ஒரு பாலிமர், சிஇசட் 75 மாதிரி ஒரு எஃகு, இரண்டிலும் ஆளுக்கு 50 தோட்டா. உங்கள் குறி எதில் சேர்ந்து விழுகிறது என்று தாளே காட்டிவிடும். என் ஊகம், முதல் நாள் எஃகில் நன்றாகச் சுடுவீர்கள், ஒரு வகுப்பு முடிந்த பிறகு வித்தியாசம் சுருங்கிவிடும். உங்கள் நிலைமைக்கு நான் வாங்குவது நடுத்தர அளவு பாலிமர், கழற்ற விசை இழுக்க வேண்டாத மாடல், வேண்டுமானால் கையால் தள்ளுகிற சேஃப்டி உள்ள வகை (எம்&பியில் அப்படி வருகிறது, கேலி செய்கிறவர்கள் செய்யட்டும்). துப்பாக்கி 550, பெட்டகம் 200, ஒருநாள் வகுப்பு 150, பயிற்சிக்குப் பத்துப் பெட்டித் தோட்டா 150, விசையை முழுதாக மூடுகிற கெட்டியான உறை ஒன்று. ஆயிரத்துச் சொச்சம் டாலர் ஆகிவிடும், இதில் துப்பாக்கி பாதிதான்.

ரேஞ்சிலிருந்து திரும்பி வரும்போதும் மனைவி வேண்டாம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். அதே ஆயிரத்துக்கு வாசல் கதவின் சட்டத்தை நீள ஸ்க்ரூ போட்டுப் பலப்படுத்தி, பின்பக்கம் ஆள் நடமாடினால் எரிகிற விளக்கு இரண்டு, கேமரா ஒன்று போட்டு மிச்சமும் பார்க்கலாம். நான் இந்த வீட்டுக்கு வந்தவுடன் செய்ததும் அதுதான், துப்பாக்கி அப்புறம் மூன்று வருடம் கழித்துத்தான் வந்தது.